கையில் 200 வெள்ளி, பட்டியலில் 12 பேர்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பேரங்காடிகளில் பஞ்சினால் ஆன பனி கொட்டத் தொடங்கிவிடும். கூரையைத் தொடும் கிறிஸ்துமஸ் மரம், அதன் அடியில் பளபளக்கும் காகிதம் சுற்றிய பெட்டிகள், ஒலிபெருக்கியில் கரோல் பாடல்கள். மரத்தடியில் இருப்பவை வெறும் அட்டைப் பெட்டிகள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒரு குடும்பத் தலைவியின் மனத்தில் ஓடும் கணக்கு வெறும் கணக்கு அல்ல. மாமனார் மாமியாருக்கு என்ன கொடுப்பது? அம்மா அப்பாவுக்கு என்ன? பிள்ளைகளின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தட்டு அனுப்பினார்களே, அவர்களுக்கு?

ஒரு குடும்பம் இந்தப் பெருநாள் அன்பளிப்புகளுக்கு 200 வெள்ளி ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு 200 வெள்ளி என்பது மாத வருமானத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதோடு, 2026ஆம் ஆண்டில் கல்வியாண்டு மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பை என்று அடுத்த செலவு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கதவைத் தட்டுகிறது.

கடனில் வாங்கும் கௌரவம்

இந்த இடத்தில்தான் பலர் கடன்பற்று அட்டையை எடுக்கிறார்கள். இல்லையென்றால் கைப்பேசியில் இப்போது வாங்கிப் பிறகு கட்டும் திட்டத்தை அழுத்துகிறார்கள். கடன்பற்று அட்டையில் கட்டாமல் விடும் நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. பெருநாளுக்காக வாங்கிய 500 வெள்ளிக் கடனின் அசல் குறையாமலேயே அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிட்டால், வட்டி மட்டும் 90 வெள்ளி. வாங்கிய பொம்மை உடைந்து குப்பைக்குப் போயிருக்கும். அதன் கடன் மட்டும் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? ஆசை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அச்சம். குறைவாகக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ, அண்ணன் வீட்டில் பெரிதாகக் கொடுத்தார்களே, நாம் மட்டும் இதைக் கொண்டு போனால் முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சம். அன்பளிப்பைப் பெறப்போகிறவரை நினைத்துச் செலவு செய்வதைவிட, பார்க்கப்போகிற நாலு பேரை நினைத்துச் செலவு செய்வதே அதிகமாக நடக்கிறது.

ஆனால் விலை கூடக் கூடப் பெறுபவரின் மகிழ்ச்சியும் கூடுகிறதா? அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு பிராங்க் பிளின், கேப்ரியல் ஆடம்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விலை உயர்ந்த பொருள் கொடுத்தால் அதிகம் பாராட்டுவார்கள் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பெறுபவர்களின் பாராட்டுக்கும் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று அதில் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1993இல், ஜோயல் வால்ட்ஃபோகல் எனும் பொருளாதார அறிஞர் கல்லூரி மாணவர்களிடம் அவர்களுக்கு வந்த அன்பளிப்புகளின் மதிப்பைக் கேட்டார். கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவருடைய கணிப்பு. அதாவது 100 வெள்ளிப் பொருள், பெறுபவரின் மனக்கணக்கில் 70, 80 வெள்ளிக்குத்தான் வருகிறது. காரணம், அது அவருக்குத் தேவைப்படாத பொருள்.

கொடுப்பதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2008ஆம் ஆண்டு கனடாவில் எலிசபெத் டன் என்பவரின் குழு மாணவர்களிடம் காலையில் 5 டாலர் அல்லது 20 டாலர் கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னது. சிலர் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், சிலர் பிறருக்காகச் செலவழிக்க வேண்டும். பிறருக்காகச் செலவழித்தவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா, 20 டாலரா என்பது அந்த மகிழ்ச்சியை மாற்றவில்லை.

முதல் கிறிஸ்துமஸ் சொல்வது என்ன?

கிறிஸ்துமஸ் அன்பளிப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பொன், தூபம், வெள்ளைப்போளம் ஆகியவற்றைப் படைத்தார்கள். அவர்களிடம் அது இருந்தது, கொடுத்தார்கள். லூக்கா நற்செய்தியில் வரும் ஆட்டிடையர்கள் எதையும் கொண்டுவந்ததாக எழுதப்படவில்லை. இரவோடு இரவாக விரைந்து வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் தேவாலயங்களிலும் வீடுகளிலும் வைக்கும் குடிலில் ஞானிகளுக்குப் பக்கத்திலேயே அந்த இடையர்களுக்கும் இடம் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதைக்கு மூலமான புனித நிக்கோலாஸ் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர். மூன்று பெண்களைப் பெற்று, சீர் கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள் அவர் இரவு நேரத்தில், யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்புகளைப் போட்டார் என்பது மரபுவழிக் கதை. அந்த வீட்டின் தேவை என்ன என்று அவர் அறிந்து வைத்திருந்தார். அந்தத் தந்தையின் மானம் போய்விடாதபடி கொடுத்தார். இவை இரண்டும்தான் அந்தக் கதையின் உயிர்.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. குசேலர் கந்தல் துணியில் முடிந்துகொண்டு போன அவலைக் கண்ணன் விரும்பி வாங்கி உண்டது ஏன் என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். தன் நண்பனுக்கு எது பிடிக்கும் என்று குசேலருக்குத் தெரியும்.

ஆக, ஓர் அன்பளிப்பு நல்லதா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும். "இதைப் பெறுபவரை நான் கவனித்திருக்கிறேன் என்று இந்தப் பொருள் சொல்லுமா?" கவனிப்பதற்குக் காசு செலவில்லை. ஆனால் காலம் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கூட்டத்தில் இடிபட்டு வாங்கும்போது அந்தக் காலம் இருக்காது. அப்போது விலைச்சீட்டுதான் நமக்காக முடிவு செய்யும்.

முதலில் தொகை, பிறகு பெயர், கடைசியில் கடை

பெரும்பாலோர் முதலில் கடைக்குப் போகிறார்கள். பொருளைப் பார்த்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்கள். கூட்டிப் பார்க்கும்போதுதான் தொகை தெரிகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து முதலில் தொகையை முடிவு செய்துவிட்டு, அதை ஓர் உறையில் போட்டு வைத்துவிடலாம். பிறகு பெயர்களை எழுதலாம்.

அந்த 200 வெள்ளிக் குடும்பத்தின் பட்டியல் இப்படி இருக்கலாம். இரு பக்கத்துப் பெற்றோர் நால்வருக்குத் தலைக்கு 20 வெள்ளி வீதம் 80. பிள்ளைகள் இருவருக்கு 40. நான்கு அண்டை வீடுகளுக்கு வீட்டிலேயே செய்யும் பலகாரத்திற்கு 30. ஞானஸ்நானப் பிள்ளைக்கு 15. அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்துக் கொடுக்கும் பரிசுக்கு 20. ஆக 12 பேருக்கு 185 வெள்ளி. மீதி 15 வெள்ளி எதிர்பாராமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு.

கணவனும் மனைவியும்? அவர்களுக்குள் பணம் வேண்டாம். ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொள்ளலாம். பத்து ஆண்டு ஒன்றாக வாழ்ந்தும் ஒரு கடிதம்கூட எழுதிக்கொள்ளாத தம்பதிகள் எத்தனையோ பேர்!

பெயர்களுக்குப் பக்கத்தில் பொருளை எழுதுவதற்கு முன், அந்த ஆளைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். "மாமியார்: மாலையில் வேதாகமம் படிக்கும்போது எழுத்தை விளக்கருகே கொண்டுபோகிறார்." அந்த வரி எழுதப்பட்ட உடனே அன்பளிப்பும் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய படிப்பு விளக்கு 20 வெள்ளிக்குள் கிடைக்கும். அவர் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் புடவைகளோடு இன்னொரு புடவை சேர வேண்டியதில்லை.

"அப்பா: வானொலி கரகரக்கிறது, காலையில் மின்னல் எஃப்எம் கேட்க முடியவில்லை." புதிய வானொலி வாங்க வேண்டுமென்பதில்லை. அவர் தூங்கும் நேரத்தில் எடுத்துப்போய்ப் பழுது பார்த்து, துடைத்து, புதிய மின்கலம் போட்டு அதே இடத்தில் வைத்துவிடலாம். பழகிய பொருள் திரும்பிப் பேசத் தொடங்கும்போது முதியவர் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்கு விலை போட முடியாது.

"அம்மா: சமையல் குறிப்பு எல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருக்கிறது." ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கி, பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல மீன் குழம்பையும் அச்சு முறுக்கையும் எழுதச் சொல்லலாம். கிறிஸ்துமஸ் அன்று முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி அவர் கையிலேயே கொடுக்கலாம்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடும், தோட்டத்துத் தேவாலயமும், கோவிலும் இன்று படத்தில்தான் இருக்கின்றன. உறவினர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படத்தைக் கைப்பேசியில் எடுத்து, பெரிதாக்கி அச்சிட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்னால் எழுதிக் கொடுத்தால், அந்த வீட்டில் அன்று முழுவதும் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

கேட்டுவிடுவதில் குறைவில்லை

"என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்கினால் அதில் என்ன சுவை?" என்று சிலர் நினைப்பதுண்டு. 2011ஆம் ஆண்டு பிரான்செஸ்கா ஜீனோவும் பிராங்க் பிளினும் நடத்திய ஆய்வில், தாங்கள் கேட்ட பொருளையே பெற்றவர்கள், கேட்காத பொருளைப் பெற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். கொடுத்தவர்களோ இரண்டும் ஒரே அளவு பாராட்டப்படும் என்று நினைத்திருந்தார்கள். எனவே தயங்காமல் கேட்கலாம். நேரடியாகக் கேட்கத் தயக்கம் என்றால், "வீட்டில் எது அடிக்கடி பழுதாகிறது?", "எதைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறீர்கள்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம்.

காசே இல்லாதபோது காலத்தைக் கொடுக்கலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்" என்பது அன்பளிப்பு ஆகாது. அப்படிச் சொன்னவரை முதியவர்கள் கூப்பிடவும் மாட்டார்கள். "ஜனவரி 14ஆம் தேதி மருத்துவமனைப் பரிசோதனைக்கு நானே அழைத்துப் போகிறேன்" என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. வாக்குக்கு ஒரு தேதி வேண்டும்.

அண்டை அயலாரும் அலுவலக நண்பர்களும்

பல இன மக்கள் வாழும் நாட்டில் அன்பளிப்புக்கு இன்னொரு கவனிப்பும் தேவை. முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு ரம் ஊற்றிய பழக் கேக்கைக் கொடுக்கக் கூடாது. ஜாக்கிமின் ஹலால் முத்திரை உள்ள பொருளைக் கடையிலிருந்து பிரிக்காமல் கொடுப்பது அவர்களுக்குச் சங்கடம் தராது. சைவ உணவு உண்ணும் இந்து அன்பர்களுக்கு முட்டை சேராத பலகாரம் கொடுக்கலாம். சீன நண்பர்களுக்குக் கடிகாரம் வேண்டாம். அவர்கள் மொழியில் கடிகாரம் கொடுப்பதைக் குறிக்கும் சொல்லும் இறுதிச் சடங்கில் நிற்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியில் அமைந்தவை. கத்தி, கத்தரிக்கோல் உறவை வெட்டும் என்றும் அவர்களில் பலர் கருதுவார்கள். சுற்றும் காகிதம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இல்லாமல் சிவப்பாக இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் ஒரு காசுகூட அதிகம் ஆகாது. ஆனால் "என் வீட்டு வழக்கத்தை இவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்களே" என்ற மகிழ்ச்சியை அவை கொடுக்கும்.

வீட்டில் சுட்ட முறுக்கையும் நெய் உருண்டையையும் போட விலை உயர்ந்த கூடை தேவையில்லை. கழுவிக் காயவைத்த பிஸ்கட் டின்னில் போட்டு, மீந்துபோன பாத்தேக் துணியால் முடிந்து கொடுத்தால் பார்வைக்கும் அழகு, துணியும் பிறகு பயன்படும். வீட்டுப் பின்புறம் கறிவேப்பிலை மரம் இருந்தால் அதன் அடியில் முளைக்கும் கன்றைப் பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்து இப்போதே வளர்க்கத் தொடங்கலாம். அடுத்த ஆண்டுக்கு அன்பளிப்பு தயார்.

வந்த அன்பளிப்பை இன்னொருவருக்குக் கொடுப்பது தவறில்லை, அது அவருக்கு உண்மையில் பயன்படுமானால். ஆனால் உள்ளே பழைய வாழ்த்து அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்! கொடுத்தவர் புழங்கும் வட்டத்திற்கே அது திரும்பிப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கற்றுக்கொள்வது

பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கும்போது பாதுகாப்பு முதலில். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சிறு சிறு பாகங்கள் கழன்று வரும் பொம்மை வேண்டாம். பொத்தான் வடிவச் சிறிய மின்கலம் போட்ட மலிவுப் பொம்மைகளில் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் தொண்டைக்குழாய் வெந்துபோகும் ஆபத்து உண்டு.

சற்றே வளர்ந்த பிள்ளைகளிடம் வீட்டு நிலைமையை மறைக்க வேண்டியதில்லை. "இந்த ஆண்டு உனக்கு 20 வெள்ளி. அதற்குள் எது வேண்டும் என்று நீயே யோசித்துச் சொல்" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். கடனில் வாங்கிய 200 வெள்ளி விளையாட்டுப் பொருளைவிட அந்தப் பேச்சு அந்தப் பிள்ளைக்கு நெடுநாள் உதவும். அதோடு, அண்ணன் தங்கைக்கும் தங்கை அண்ணனுக்கும் தங்கள் கையால் ஏதாவது செய்து கொடுக்கும் பழக்கத்தையும் தொடங்கிவைக்கலாம். வாங்கிக்கொள்ள மட்டுமே தெரிந்த பிள்ளைக்குக் கிறிஸ்துமஸின் பாதி மகிழ்ச்சி கிடைக்காமலே போய்விடுகிறது.

ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொடுக்க விரும்புவோர் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு செய்வது நல்லது. பெருநாள் வாரத்தில் கேக்கும் பொம்மையும் குவியும். அவர்களுக்குத் தேவைப்படுவது சவர்க்காரமாகவோ, பெரியவர்களுக்கான அணையாடையாகவோ இருக்கலாம். பிப்ரவரி மாதத்தில் வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் ஆளாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், இந்தப் பெருநாளுக்கு இன்னும் ஒரு கடன் வேண்டாம். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு அமைத்த ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே ஆலோசனை வழங்குகிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்பதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் அன்பளிப்பை ஒரு தாயோ தந்தையோ வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

அன்புள்ள நேயர்களே, அன்பளிப்பைப் பெறுகிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. யாராவது ஒருவர் சிறிய பொட்டலம் ஒன்றைத் தயங்கித் தயங்கி நீட்டினால், இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கண்முன்னேயே பிரித்துப் பாருங்கள். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்காதீர்கள். இது எனக்குப் பயன்படும் என்று மனதாரச் சொல்லுங்கள். எல்லா வீடுகளிலும் இப்படி நடந்தால், அடுத்த ஆண்டு யாரும் நாலு பேரை நினைத்து அஞ்சிக் கடன்பற்று அட்டையைத் தேட வேண்டியிருக்காது.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் பெருநாள் வாழ்த்துகள்.